சைகோன் சாப்பாட்டுக் கடையில் நமது கறி



வியட்நாமின் ஹோ சி மின் நகரம், பழைய பெயரில் சைகோன். அங்குள்ள சின்னச் சின்னக் குடும்பச் சாப்பாட்டுக் கடைகளின் விலைப்பட்டியல்களைப் பார்த்தால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஃபோ, பான் மீ, கா ரி. முதலாவது சூப்பில் போட்ட அரிசி நூடுல்ஸ். இரண்டாவது இறைச்சியும் மரக்கறியும் வைத்த பாண். மூன்றாவதை இன்னொரு முறை வாய்விட்டு வாசியுங்கள். கா ரி. ஆம், நமது கறிதான்.

வியட்நாம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது போரும் அமெரிக்காவும்தான். ஆனால் இந்த மூன்று சாப்பாடும் எப்படி அந்தக் கடைகளுக்கு வந்தன என்று தேடினால் சாதாரண மக்களின் வரலாறு கிடைக்கிறது. அதில் நம் மொழி பேசிய முஸ்லிம்களும் இருக்கிறார்கள்.

முதலில் கடையைப் பார்ப்போம். சைகோனில் பழைய வீடுகள் பல அகலம் குறைந்து, உள்ளே நீண்டு போகும். முன்பக்கம் கடை, பின்னாலும் மேலேயும் வீடு. வாசலில் பெரிய சூப்புப் பானை. பக்கத்தில் உயரம் குறைந்த பிளாஸ்டிக் முக்காலிகள். தாய் சமைப்பார், தகப்பன் பரிமாறுவார், பிள்ளைகள் கோப்பை கழுவுவார்கள். பெரும்பாலும் ஒரு கடைக்கு ஒரு சாப்பாடுதான். அதைத்தான் தாயிடமிருந்து மகள் பழகிக்கொள்வாள்.

இனி ஃபோ. இது 1900களின் ஆரம்பத்தில் வடக்கே ஹனோய், நாம் தின் பகுதிகளில் உருவான உணவு. அங்கே மாடு உழவுக்கானது, இறைச்சிக்காக அறுப்பது குறைவு. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்கு வந்து மாட்டிறைச்சி கேட்டபோது எலும்பும் மிச்சத் துண்டுகளும் மலிவாகக் கிடைத்தன. அந்த எலும்பைப் பட்டை, அன்னாசிப்பூ, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, அரிசி நூடுல்ஸுக்கு மேல் ஊற்றினார்கள். காவுதடியில் ஒரு பக்கம் பானையும் மறுபக்கம் கோப்பைகளுமாகத் தெருத்தெருவாக விற்றார்கள். ஆட்சியாளர் மேசையில் மிஞ்சியதில் ஏழைகள் ஆக்கிய சாப்பாடு அது.

1954இல் ஜெனீவா உடன்பாட்டோடு வியட்நாம் இரண்டானது. வடக்கிலிருந்து 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெற்கே வந்தார்கள். காணியையும் வீட்டையும் தூக்கி வர முடியாது. கைப்பழக்கத்தை மட்டும் கொண்டு வரலாம். அப்படி வந்தவர்கள் சைகோனில் ஃபோக் கடை போட்டார்கள். தெற்கத்தி மக்கள் அதில் பயற்றமுளையும் பச்சை இலைகளும் சேர்த்துக்கொண்டார்கள். பான் மீயின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். பாண் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தது. நமது பாண் போர்த்துக்கேயச் சொல்லோடு வந்ததைப் போல. வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி 1958இல் சைகோனில் திறந்த ஹோவா மா என்ற கடை, இன்றைய பான் மீயின் முன்னோடிகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. (பெரும்பாலான பான் மீயில் பன்றி இறைச்சி இருக்கும், நமக்கு ஆகாது. போகிறவர்கள் கவனம்.)

இப்போது கறிக்கு வருவோம்.

1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. பாண்டிச்சேரியும் காரைக்காலும் அப்போது பிரெஞ்சுக்காரரின் கையில். ஒரே ஆட்சி, இரண்டு கரை. அங்கிருந்து தமிழர்கள் சைகோனுக்குக் கப்பல் ஏறினார்கள். சிலர் அரசாங்க உத்தியோகம் பார்த்தார்கள். செட்டியார்கள் வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் புடைவைக் கடையும் சில்லறைக் கடையும் நடத்தினார்கள். காரைக்கால், நாகூர்ப் பக்கம் நமக்கு அந்நியமான இடமா? கல்முனைக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்தை அறிந்த எவரும் நாகூரைத் தூரத்து ஊர் என்று சொல்லமாட்டார். அதே கரையின் மக்கள்தான் கிழக்கே சைகோன் வரை போனார்கள்.

போனவர்கள் 1935இல் சைகோன் நகரின் நடுவில், தோங் து என்ற வீதியில், ஒரு பள்ளிவாசலைக் கட்டினார்கள். இன்று அதைச் சுற்றி உயரமான ஹோட்டல்கள். நடுவே பள்ளி இன்னும் நிற்கிறது, தொழுகை நடக்கிறது.

அவர்களோடு சரக்குத்தூளும் போனது. வியட்நாமியச் சமையலறை அதைத் தன் போக்கில் மாற்றிக்கொண்டது. கோழி, தேங்காய்ப்பால், கறித்தூள் மூன்றும் நமக்குத் தெரிந்தவை. அவர்கள் எலுமிச்சைப்புல் சேர்த்தார்கள், உருளைக்கிழங்குக்குப் பதிலாகப் பெரும்பாலும் வற்றாளங்கிழங்கு போட்டார்கள். உறைப்பைக் குறைத்தார்கள். அதைப் பாணில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். கோழிக்கறியும் பாணும்! நம் வீட்டுச் சாப்பாடு போலவே கேட்கிறது அல்லவா.

1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. 1978இல் தெற்கில் தனியார் வியாபாரம் ஒழிக்கப்பட்டது. கடையை நம்பி வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் நாட்டை விட்டுப் போனார்கள், சிலர் இந்தியாவுக்கு, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் பிரான்சுக்கு. வியட்நாமியரும் தப்பவில்லை. 1975க்கும் 1995க்கும் இடையில் சுமார் 8 லட்சம் பேர் படகுகளில் கடல் கடந்து வேறு நாடுகளின் கரை சேர்ந்தார்கள். வழியில் கடலில் மாண்டவர்கள் ஏராளம். கரை சேர்ந்தவர்களில் பலர் சிட்னியின் கப்ரமட்டாவிலும், கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டரிலும், பாரிஸின் 13ஆம் வட்டாரத்திலும் மறுபடி குடும்பக் கடை போட்டார்கள். இன்று உலகெங்கும் தெருமுனையில் ஃபோ கிடைப்பதற்குப் பின்னால் இந்தக் கண்ணீர் இருக்கிறது. சைகோனில் தங்கியவர்கள் 1986 டிசம்பரில் அரசு கொள்கையை மாற்றிய பிறகுதான் நிம்மதியாகக் கடை திறக்க முடிந்தது.

தமிழ் முஸ்லிம்கள் போன பிறகு பள்ளிவாசலுக்கு என்ன ஆனது? சாம் முஸ்லிம்கள் வந்து தொழுதார்கள். இவர்கள் மத்திய வியட்நாமில் சம்பா என்ற அரசு நடத்திய பழைய இனத்தவர். 1832இல் அந்த அரசின் கடைசித் துண்டும் போனது. அவர்களில் முஸ்லிம்கள் பலர் மேகொங் ஆற்றுப் பக்கம், கம்போடிய எல்லையோரச் சாவ் தொக் பகுதியில் வாழ்கிறார்கள். நம்மைப் போலவே ஷாஃபி மத்ஹபினர். நாடிழந்த ஒரு சமூகம், வேறொரு சமூகம் விட்டுப்போன பள்ளியில் பாங்கு சொல்கிறது. இன்று பள்ளியைச் சுற்றியும் பென் தான் சந்தைப் பக்கமும் ஹலால் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. மலேசிய, இந்தோனேசியப் பயணிகள் அங்கே ஹலால் ஃபோ சாப்பிடுகிறார்கள். ஏழை வீட்டு எலும்பு சூப்பு, பிஸ்மி சொல்லிச் சாப்பிடும் கோப்பையாகவும் ஆகிவிட்டது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறோம்? சைகோனில் பள்ளிவாசல் நிற்கிறது. கா ரி என்ற சொல்லும் நிற்கிறது. ஆனால் அதைச் சாப்பிடுகிறவரிடம் கேட்டால் "இது எங்கள் ஊர்ச் சாப்பாடு" என்பார். அதில் தப்பில்லை, சோறு போட்டவர் பெயரைச் சோறு சொல்லாது. ஆனால் எத்தனையோ குடும்பங்கள் ஏறத்தாழ நூறு வருடம் வாழ்ந்த வாழ்க்கை ஒரு சொல்லாகச் சுருங்கிப்போவதைப் பார்க்கும்போது நம்மைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

காணி உறுதி தொலையலாம், ஊரே இடம் மாறலாம். நம் வீடுகளிலும் எங்கிருந்தோ வந்த சமையல்கள் இருக்கின்றன. அவற்றின் பெயரும் ஊரும் வழியும் உம்மம்மாக்களின் நினைவில்தான் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம். இந்த விடுமுறைக்கு மாணவர்கள் ஒரு வேலை செய்யட்டும். வீட்டில் ஒரு சாப்பாட்டைத் தெரிந்தெடுத்து, அதை யார், யாரிடம், எந்த ஊரில் பழகினார் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதட்டும்.

பெரியவர்களும் கீழே எழுதுங்கள். குறிப்பாக, சைகோன் போன சொந்தக்காரர் பற்றி உங்கள் குடும்பத்தில் ஏதாவது கதை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சேர்த்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.