சூளைப் புகை முதல் குறியீட்டு எண் வரை: கிள்ளான் பள்ளத்தாக்குக் காற்றின் வரலாறு

காற்றுத் தூய்மைக்கேடு என்று தலைப்பு வந்துவிட்டால், நம் மாணவர்களில் பலர் முதல் பத்தியிலேயே சுமத்ராவுக்குப் போய்விடுகிறார்கள். அண்டை நாட்டில் காட்டை எரிக்கிறார்கள், புகை மிதந்து நம்மிடம் வருகிறது, முடிந்தது கதை. தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் பாதிதான் சரி. ‘காரணங்களை ஆராய்க’ என்று கேள்வி வந்தால் அந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் போக முடியாதுங்க.

கிள்ளான் பள்ளத்தாக்கின் புகைக்கு ஏறக்குறைய 140 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதை மூச்சில் வாங்கியவர்களில் நம் முன்னோர்களும் அடக்கம். அந்தப் புகையை அளப்பதும், அளந்த எண்ணை மக்களிடம் சொல்வதும் மட்டும் மிக அண்மைக் காலத்துச் செய்தி. இந்த இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து தொடங்குவோம். ஊரின் பெயரே சாட்சி சொல்கிறது: செங்கல் வயல். 1881-இல் கோலாலம்பூர் ஒரே ஆண்டில் தீயையும் வெள்ளத்தையும் கண்டது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்ட வீடுகள் போன பிறகு, பிராங்க் சுவெட்டன்ஹாம் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், இனிக் கட்டடங்களைச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்றானது. அந்தத் தேவைக்காக எழுந்த சூளைகள்தான் பிரிக்பீல்ட்ஸ். ஊர் அழகாக எழும்ப எழும்ப, சூளைக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விறகுப் புகை. 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளான் அருகேயுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து இரயில் ஓடியது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊராக மாறியது. தண்டவாளம் போட்ட தமிழகத்துத் தொழிலாளி, கணக்கு எழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணி என எல்லாரும் பணிமனையைச் சுற்றியே குடியிருந்தார்கள். 1950களின் இறுதியில் டீசல் என்ஜின்கள் வரத் தொடங்கும் வரை நீராவி என்ஜின்தான் அவர்களுக்கு அண்டை வீட்டுக்காரன்.

அந்த என்ஜின்களுக்கும் நகரத்தின் மின்சாரத்துக்கும் நிலக்கரி கொடுத்த இடம் சிலாங்கூரின் பத்து ஆராங். மலாயில் அந்தப் பெயருக்குக் கரிக்கல் என்றே பொருள். 1915 முதல் 1960 வரை அங்கே சுரங்கம் இயங்கியது.

தோட்டப்புறத்துக் காற்று தூயது என்று நினைக்கிறோம். ஒருவகையில் உண்மைதான். ஆனாலும் ரப்பர்த் தோட்டத்துப் புகைக்கூடத்தை மறந்துவிடக் கூடாது. உறைந்த பாலைத் தகடாக உருட்டி, மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே ரப்பர் விறகை மூட்டி நாள்கணக்கில் புகையில் காய வைப்பார்கள். உலகச் சந்தையில் நம் ரப்பருக்கு இருந்த பெயரே ‘புகையூட்டிய தகடு’தான். தகடுகளைத் தொங்கவிடவும் எடுக்கவும் உள்ளே போய் வந்தவரின் நுரையீரலுக்குப் போனதும் அதே புகை. கிள்ளான், காப்பார், ஜெராம் பக்கம் தாத்தா பாட்டி இருக்கிற மாணவர்கள், “புகைக்கூடத்துல வேலை செஞ்சவங்க யாராவது இருந்தாங்களா தாத்தா?” என்று கேட்டுப் பாருங்கள். வாய்மொழி வரலாறு என்று பாடத்தில் படிப்பது இதைத்தான்.

நாடு விடுதலை பெற்ற பிறகு புகையின் முகவரி மாறியது. 1950களில் உருவான பெட்டாலிங் ஜெயா ஆலைகளின் ஊரானது. அடுத்து ஷா ஆலாம். கோலக் கிள்ளானில் துறைமுகம் பெருகப் பெருக லோரிகளும் பெருகின. 1980களில் காப்பார் கடலோரத்தில் நிலக்கரியும் எரிக்கும் பெரிய மின் நிலையம் எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பலவும் இதே ஆலைகளைச் சுற்றித்தான் புறம்போக்கு நிலங்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறின. வேலை இருக்கிற இடத்தில் வீடு. புகையும் அங்கேதான்.

இதில் நிலவியலுக்கும் பங்குண்டு. கிழக்கே தீத்திவங்சா மலைத்தொடர், மேற்கே கடல். காற்று அசையாத நாளில் வாகனப் புகையும் ஆலைப் புகையும் வெளியேற வழியில்லாமல் பள்ளத்தாக்கிலேயே தேங்கிவிடும். சுமத்ராவிலிருந்து ஒரு துளிப் புகை வராவிட்டாலும் இது நடக்கும்.

சட்டம் எப்போது வந்தது? லண்டனில் 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து ஐந்து நாள் நின்றன. வழக்கமான மூடுபனி என்றே மக்கள் நினைத்தார்கள். இறப்புப் பதிவுகளை எண்ணிப் பார்த்தபோதுதான் ஏறக்குறைய 4,000 பேர் கூடுதலாக இறந்திருந்தது தெரிந்தது. பிந்தைய ஆய்வுகள் அந்தக் கணக்கையும் குறைவு என்கின்றன. 1956-இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்றியது. மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இலும், தூய காற்று விதிமுறைகள் 1978-இலும் வந்தன. இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்வதை விட, லண்டனில் எண்ணிக்கை வெளிவந்த பிறகே சட்டம் பிறந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி 1997. எல் நினோ வறட்சி, சுமத்ராவிலும் கலிமந்தானிலும் தோட்டம் போடுவதற்காக வைத்த தீ. எரிந்ததில் பெரும்பகுதி மரம் அல்ல, மண். மலாயில் தானா கம்புட் என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலையும் வேரும் மக்கிச் சேர்ந்த சதுப்பு மண் அது. தண்ணீரை வடித்துவிட்டால் காய்ந்துபோய், தீப்பிடித்தால் நிலத்துக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அந்த ஆண்டு செப்டம்பர் 19-இல் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839 வரை போனது. 300-ஐத் தாண்டினாலே ‘அபாயம்’ என்பது கணக்கு.

அதன் பிறகு நடந்தது பல கட்டுரைகளில் வருவதே இல்லை. குறியீட்டு எண்களை வெளியிடுவதை அரசாங்கம் நிறுத்தியது. எண்ணைப் பார்த்துச் சுற்றுப்பயணிகள் பயந்துவிடுவார்கள் என்பது காரணம். நிலையங்கள் அளந்தன, அதிகாரிகளிடம் எண் இருந்தது. ஈளை நோய் உள்ள பிள்ளையைத் திடலுக்கு அனுப்பலாமா என்று யோசித்த தாயிடம் இல்லை. எதிர்க்கட்டடம் தெரியுதா தெரியலையா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வதைத் தவிர வேறு வழி? ஆனால் நுரையீரலின் ஆழத்துக்குப் போகிற துகள் கண்ணுக்குத் தெரியாது. பி.எம். 2.5 என்பது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதைத் தடுத்து நிறுத்துவதில்லை. காற்றுப் பைகள் வரை போய், இரத்தத்திலும் கலக்கிறது.

2005 ஆகஸ்டில் சுமத்ராவின் ரியாவ் பக்கமிருந்து வந்த புகை நேராகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இறங்கியது. கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்டியது. ஆகஸ்டு 11-இல் அவசரநிலை, பள்ளிகள் மூடல். 13-ஆம் தேதி அவசரநிலை நீங்கியது. மறைப்பும் அதே வாரத்தில் முடிவுக்கு வந்தது. எண்கள் மீண்டும் பொதுமக்களுக்குக் கிடைத்தன. என்னைக் கேட்டால், நம் பள்ளத்தாக்கின் காற்று வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம் இதுதான். 2002 ஜூன் 10-இல் கோலாலம்பூரிலேயே கையெழுத்தான ஆசியான் எல்லைகடந்த புகைமூட்ட ஒப்பந்தத்தைவிட முக்கியம் என்பேன். அதற்கு இந்தோனேசியா ஒப்புதல் தரவே 2014 ஆகிவிட்டது.

எண் வெளியே வந்ததால் இன்னொன்றும் தெரிந்தது. கிள்ளானில் ஜோகான் செத்தியா என்ற இடத்தின் அளவை அடிக்கடி தனியாக உயர்ந்து நிற்கிறது. அங்கேயும் தானா கம்புட்தான். விவசாயக் கழிவுக்கு வைக்கும் தீ மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. அண்டை நாட்டுப் புகை என்று எழுதும்போது இந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். 2018 ஆகஸ்டு முதல் குறியீட்டுக் கணக்கில் பி.எம். 2.5-உம் சேர்க்கப்பட்டது. 2019 செப்டம்பரில் மறுபடியும் பள்ளிகள் மூடப்பட்டபோது எல்லாருடைய கைப்பேசியிலும் அந்த எண் இருந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200-ஐத் தாண்டினால் பள்ளியை மூட வேண்டும் என்பதே தேசியச் செயல்திட்டத்தின் விதி. துகளுக்கான கணக்கு 24 மணி நேரச் சராசரி என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். விடியற்காலையில் புகை திடீரென்று அடர்ந்தால், சபைகூடல் நேரத்தில் நீங்கள் பார்க்கிற எண் அதற்குப் பின்தங்கியே இருக்கும்.