துறைசார் நிலைக்குழுக்களின் மானியக் கோரிக்கை ஆய்வு

இந்திய ஒன்றிய அமைச்சகங்கள் கேட்கும் செலவுத் தொகையை, மக்களவையின் வாக்கெடுப்புக்கு வருமுன், நாடாளுமன்றத்தின் துறைசார் நிலைக்குழுக்கள் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும் நடைமுறை மானியக் கோரிக்கை ஆய்வு எனப்படுகிறது. அவையில் வரவுசெலவுத் திட்ட விவாதத்துக்கான நேரம் சுருங்கிவரும் நிலையில், ஓர் அமைச்சகத்தின் கணக்கை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்கும் இடம் பெரும்பாலும் இதுவே.

1989இல் வேளாண்மை, அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கு மூன்று குழுக்கள் அமைந்தன. 1993இல் அவை 17 ஆகவும் 2004இல் 24 ஆகவும் விரிந்தன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்களுக்கு இடமில்லை. மானியக் கோரிக்கைகள் மீது வாக்களிக்கும் உரிமை மக்களவைக்கு மட்டுமே உண்டு என்பதால், மாநிலங்களவை உறுப்பினர்கள் அவற்றை நெருங்கிப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு இந்தக் குழுக்கள்தான்.

2017 முதல் வரவுசெலவுத் திட்டம் பிப்ரவரி முதல் நாளில் தாக்கலாகிறது. அதன்பின் வரும் கூட்டத்தொடர் இடைவேளைக்குள் குழுக்கள் வேலையை முடிக்க வேண்டும். அமைச்சகத்துக்கு எழுத்துமூலம் கேள்விகள் போகும். பிறகு துறைச் செயலாளர் நேரில் வந்து சாட்சியம் அளிப்பார். கேள்விகள் எளியவை: போன ஆண்டு எவ்வளவு கேட்டீர்கள், எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு செலவானது, மீதம் ஏன்? இந்தக் கடைசிக் கேள்வியே ஆய்வின் உயிர்.

சுற்றுச்சூழல் துறை இதற்குத் தெளிவான சான்று. மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு 2024-25இல் ரூ.858 கோடி ஒதுக்கப்பட்டிருந்தது. 2025 ஜனவரி வரை அதில் ஒரு விழுக்காடுகூடச் செலவாகவில்லை என்பதை நிலைக்குழு அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. திட்டத்தைத் தொடர்வதற்கான ஒப்புதல் வரவில்லை என்பது அமைச்சகத்தின் விளக்கம். வடமாநில நகரங்கள் குளிர்காலம் முழுக்கப் புகையில் மூச்சுத்திணறிய ஆண்டு அது. ஒதுக்கீட்டை அறிவிப்பது செய்தியாகிறது. செலவாகாமல் கிடப்பதைக் கண்டுபிடிக்க ஒரு குழு தேவைப்படுகிறது.

வெளியுறவுக் குழு சொல்லும் குறை வேறு மாதிரியானது. அரசின் மொத்தச் செலவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பங்கே வெளியுறவு அமைச்சகத்துக்குக் கிடைக்கிறது என்பதையும் தூதரகப் பணியாளர் பற்றாக்குறையையும் அது தொடர்ந்து சுட்டிவருகிறது. பூட்டான், நேபாளம், இலங்கை முதலிய அண்டை நாடுகளுக்கான உதவியும் இந்தக் கோரிக்கைக்குள் அடங்கும். வணிகக் குழு தேயிலை, காப்பி, நறுமணப்பொருள் வாரியங்களின் நிதியைப் பார்க்கிறது. வர்த்தக ஒப்பந்தங்களில் கையெழுத்திட அரசுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. ஆதலால் நீலகிரித் தேயிலை விவசாயியைத் தொடும் இறக்குமதிச் சலுகைகளைப் பற்றி அதிகாரிகளைக் கேட்கக்கூடிய மிகச் சில இடங்களுள் இக்குழுவும் ஒன்று.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. அறிக்கையில், கேட்ட தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானத்தின் தன்மையுள்ள எதையும் எழுதவும் விதிகள் இடம் தருவதில்லை. ஆயினும் மூன்று மாதங்களுக்குள் அரசு பதில் சொல்ல வேண்டும். ஏற்கத்தக்கவை அல்ல என்று கருதும் பதில்களைக் குழு அடுத்த அறிக்கையில் பெயர் சொல்லிப் பதிவுசெய்யும். பொறுப்புக்கூறல் என்று இருப்பது இந்த எழுத்துப் பரிமாற்றமே.

பலவீனங்களும் பெரியவை. விவாதிக்கப்படாத கோரிக்கைகளை மொத்தமாக வாக்குக்கு விடும் ‘கில்லட்டின்’ முறையில், 2018இலும் 2023இலும் எல்லாக் கோரிக்கைகளும் விவாதமின்றியே நிறைவேறின. குழு அறிக்கைகள் அவையில் பேசப்படவே இல்லை. கூட்டங்கள் மூடிய அறைக்குள் நடக்கின்றன. வெளியுறவுக்கும் பாதுகாப்புக்கும் அந்த மறைவு தேவைப்படலாம்; காற்று மாசு நிதி பற்றிய சாட்சியத்தை மக்கள் கேட்கக்கூடாது என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. உறுப்பினர்களின் பதவிக்காலம் ஓராண்டு என்பதால், ஒரு துறையை ஆழக் கற்றவர் மறு ஆண்டு வேறு குழுவுக்குப் போய்விடவும் கூடும்.

மாநிலங்களில் கேரளம் 1980 முதல் பொருள்வாரிக் குழுக்களை நடத்துகிறது. தமிழ்நாட்டில் மானியக் கோரிக்கைகள் துறை துறையாகப் பேரவையிலேயே விவாதிக்கப்படுகின்றன. வாக்கெடுப்புக்கு முன் செயலாளர்களை உட்கார வைத்துக் கணக்குக் கேட்கும் துறைசார் குழு இன்னும் அமைக்கப்படவில்லை.