சொலிசிட்டர் ஒழுங்குமுறை (இங்கிலாந்து, வேல்ஸ்)

கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி, பத்திரம் எழுதி, வழக்குக்கான தாள்களைத் தயார் செய்பவர் சொலிசிட்டர். உயர் நீதிமன்றங்களில் வாதாடுவது பெரும்பாலும் பாரிஸ்டர். இலங்கைத் தமிழில் இவர்களுக்கு நிகரானவர்களைப் பிறக்கிராசி, அப்புக்காத்து என்றார்கள். அங்கே 1974இல் இரு பிரிவும் ஒன்றாயின. இங்கிலாந்தில் இன்னும் தனித்தனிதான்.

1729ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுப் பயிற்சியையும் பதிவேட்டையும் கட்டாயமாக்கியது. 1804இல் பிரதமர் பிட் தொழில் வரியை உயர்த்தினார். அதற்கு ஈடாக, கூலிக்குச் சொத்துப் பத்திரம் எழுதும் உரிமை வழக்கறிஞர்களுக்கே என்றானது. அப்பட்டமான பண்டமாற்று அது. அந்த ஏகபோகத்தில்தான் பல சிற்றூர் அலுவலகங்கள் தலைமுறைகளாகப் பிழைத்தன. 1825இல் தோன்றிய சட்டச் சங்கம் தேர்வு, ஒழுக்க விசாரணை ஆகிய பொறுப்புகளைப் படிப்படியாகப் பெற்றது. பெண்களுக்குக் கதவு திறக்க 1919ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது; கேரி மாரிசன் 1922இல் முதல் பெண் சொலிசிட்டர் ஆனார்.

இத்துறையின் நெடுநாள் தலைவலி கட்சிக்காரர் பணம். வீடு வாங்குபவரின் முழுத்தொகையும் விற்பவர் கைக்குப் போகுமுன் சொலிசிட்டரின் கணக்கில் தங்கும். அதில் கைவைத்தவர்கள் பெருகவே, 1933ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கை விதியாக்க வழி செய்தது. ஏமாந்தவர்களுக்கு ஈடு தர, தொழிலில் உள்ள எல்லாரும் பங்கு கட்டும் இழப்பீட்டு நிதி 1940களில் வந்தது.

1984இல் விளம்பரத் தடை தளர்ந்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் பத்திர ஏகபோகத்தை உடைத்து, உரிமம் பெற்ற பத்திர வல்லுநர்களைப் போட்டிக்கு விட்டது. புகார் சொல்பவனும் புகாருக்கு ஆளானவனும் ஒரே சங்கத்தின் வாசலில் நிற்கும் நிலை மட்டும் நீடித்தது. அரசுக்காக இதை ஆராய்ந்த டேவிட் கிளெமென்டியின் 2004 அறிக்கை அதைச் சாடியது. 2007இல் சொலிசிட்டர் ஒழுங்குமுறை ஆணையம் சங்கத்திலிருந்து பிரிந்து இயங்கத் தொடங்கியது. 2010இல் சட்டக் குறைதீர்ப்பாளர் வந்தார். வழக்கறிஞரல்லாதவரும் சட்ட நிறுவனத்துக்கு முதலாளியாகலாம் என்றானதும், 2012இல் ஆணையத்திடம் முதலில் உரிமம் பெற்றவற்றுள் கூட்டுறவு அங்காடிக் குழுமமும் இருந்தது. வீடு விற்பனை போன்ற சில சேவைகளின் கட்டணத்தை இணையத்தில் போடுவது 2018 டிசம்பரில் கட்டாயமானது.

2023இல் ஆக்சியம் இன்ஸ் என்ற சட்ட நிறுவனத்தின் கட்சிக்காரர் கணக்கில் 6 கோடி பவுண்டுக்கு மேல் காணாமல் போனது. ஆணையம் உரிய கவனத்துடன் செயல்படவில்லை என்றது அடுத்த ஆண்டு வந்த தனி ஆய்வு. இழப்பீட்டு நிதிக்கு ஒவ்வொரு சொலிசிட்டரும் கட்டும் ஆண்டுப் பங்கு 30 பவுண்டிலிருந்து 90 ஆனது.