நன்றியுரையின் கடைசி வரி

தமிழ்நாட்டில் கணினியின் வரலாறு பெரும்பாலும் ஆணைகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. 2007 வாக்கில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் சூசே லினக்சுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் வந்தது. 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை நிறுத்தப்போவதை முன்னிட்டு, 2013இலேயே அரசுத் துறைகள் பாஸ் லினக்சுக்கு மாறும்படி அறிவுறுத்தப்பட்டன.

இந்த வரலாற்றில் முடிவெடுத்தவர் இருக்கிறார், விற்றவர் இருக்கிறார். மறுநாள் காலை அந்தக் கணினியின் முன் உட்கார்ந்து, பழகிய கையைப் புதிதாகப் பழக்கியவர் இல்லை. நம் ஊர்களில் அவர் பெரும்பாலும் பெண். தட்டச்சு லோயர், ஹையர் முடித்துவிட்டு அலுவலகத்துக்கோ டி.டி.பி. மையத்துக்கோ போனவர். இந்த மறதி நமக்கு மட்டும் உரியதுமல்ல. 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களின் பெயர்கள் பல பத்தாண்டுகள் கழித்தே பரவலாகத் தெரியவந்தன.

உத்திரமேரூரில் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்துவந்த ஒரு பெண்ணை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். எக்ஸ்பி நின்றதும் அவர் வேலைபார்த்த மையத்தின் உரிமையாளர் கணக்குப் போட்டார்: புதிய விண்டோசுக்கு உரிமம் வாங்க வேண்டும், அதைத் தாங்கும் கணினியும் வாங்க வேண்டும். லினக்ஸ் பழைய கணினியிலேயே ஓடும், காசும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மாறிவிட்டது.

என்ன மாறியது? சி டிரைவ், டி டிரைவ் இல்லை. எல்லாக் கோப்புறைகளும் ஒரே வேரிலிருந்து கிளை பிரிந்தன. அவருக்கு அத்துப்படியான பேஜ்மேக்கர் அதில் ஓடவில்லை. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், சேமித்துவைத்த ஆய்வேடு முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் தனி எண் உண்டு. 2010 ஜூனில் தமிழக அரசு அதையே தரமாக ஏற்றது. நல்ல மாற்றம்தான். ஆனால் தட்டச்சுப்பொறி முறையில் 'கெ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம். 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் முதலில் ககரம், பிறகு எகரம். "எது எங்க இருக்குன்னு மனசுக்குத் தெரியுது மேடம், கைதான் போகமாட்டேங்குது" என்றார்.

அவருக்குக் கூலி பக்கக் கணக்கில். கை தடுமாறிய மாதங்களில் பக்கங்கள் பாதிக்கும் கீழே போயின, வருமானமும் போனது. விலையில்லாத மென்பொருளுக்கான விலையை அவர் கொடுத்தார். கட்டற்ற மென்பொருளின் அரசியலை நான் ஆதரிக்கிறேன். அறிவு ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கக் கூடாது. ஆனால் பூட்டைத் திறக்கும் உழைப்பை யார் தலையில் கட்டுகிறோம் என்பதும் அரசியல்தான்.

முறைமையை மாற்றுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள் இருக்கின்றன. 919இல் வகுத்ததை இரண்டே ஆண்டில், 921இல், திருத்தினார்கள். சொந்த மனையில் வீடும், வரி செலுத்தும் கால்வேலி நிலமும், வேதக் கல்வியும் உள்ள ஆண்களின் பெயர்களே ஓலையில் ஏறிக் குடத்துக்குள் போயின. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களின் பெயர்கள் எந்தக் குடத்திலும் விழவில்லை. விதி திருத்தப்பட்ட நாள் கல்லில் இருக்கிறது. திருத்தத்தோடு வாழ்ந்தவர்கள் கல்லில் இல்லை.

மடிக்கணினியும் எல்லாப் பெண்ணுக்கும் ஒரேபோலச் சேரவில்லை. என் மாணவிகள் சிலரது வீட்டில் அது அண்ணன் கைக்குப் போனது. படம் சேமிக்க இடம் வேண்டும் என்று லினக்ஸ் பகுதி அழிக்கப்பட்டது. தேர்வு செய்யும் உரிமை அரசாணையில் இருந்தது, அவளிடம் இல்லை. வேறொரு தடமும் உண்டு. 2012இல் தொடங்கிய கணியம் இதழின் வழியாக து. நித்யா 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' போன்ற நூல்களைத் தமிழில் தந்தார். கற்றதை இன்னொருவர் கற்கும்படி எழுதிவைப்பதும் வரலாறு எழுதுவதுதான்.

இனி ஓர் அலுவலகமோ கல்லூரியோ இயங்குதளத்தை மாற்றும்போது, கற்றுக்கொள்ளும் நாட்களுக்கும் கூலி என்று திட்டத்திலேயே எழுத வேண்டும். வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஆவணம் தொலைவில் இல்லை. ஏதாவது ஒரு கல்லூரி நூலகத்தில் பழைய ஆய்வேடு ஒன்றை எடுத்து நன்றியுரையைப் பாருங்கள். நெறியாளருக்கும் நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் பிறகு, பல ஏடுகளில், கடைசி வரியில் "அழகுறத் தட்டச்சு செய்து தந்த" என்று ஒரு பெயர் இருக்கும். அங்கிருந்து தொடங்கலாம்.