மீன், வனவிலங்கு ஆய்வாளர்கள் உங்கள் ஊருக்கு வந்தால்: விவசாயிகள் என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும்?

ஏரியில் வலை போட்டு மீனை அளந்துவிட்டுத் திரும்ப விடுகிறார்கள். தோப்பு ஓரத்து மரத்தில் கேமரா கட்டுகிறார்கள். செத்த மாட்டின் கல்லீரலில் ஒரு துண்டு கேட்கிறார்கள். இப்படி ஆய்வாளர்கள் வந்து நிற்கும்போது, "இதனால் நமக்கு என்ன லாபம்?" என்று விவசாயி கேட்பது நியாயம்தான். லாபம் உண்டு. ஆனால் அது நீங்கள் சொல்லும் தகவல் சரியாகவும் உரிய நேரத்திலும் இருப்பதைப் பொறுத்தது. மாட்டுக்குப் போட்ட ஊசியை மறைத்தாலோ, மீன் செத்த சேதியை நான்கு நாள் கழித்துச் சொன்னாலோ எவ்வளவு பெரிய ஆய்வகமும் ஒன்றும் செய்ய முடியாது.

மாட்டு ஊசியும் பாறு கழுகும்

செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த பாறு கழுகுகள் 1990களில் இந்தியா முழுவதும் வேகமாகக் குறைந்தன. வெண்முதுகுப் பாறு மட்டும் 1992 முதல் 2007க்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தது. நோயா, பூச்சிமருந்தா என்று பல வருடம் யாருக்கும் தெரியவில்லை.

விடை பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் கிடைத்தது. செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தபோது பலவற்றில் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. ஆய்வாளர்கள் அடுத்துப் போனது கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும். மாட்டுக்கு என்னென்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டுப் பட்டியல் எடுத்தார்கள். அதில் சந்தேகத்துக்குப் பொருந்திய மருந்து ஒன்றுதான்: வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபினாக். சோதித்ததில் சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 கழுகுகளிலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 கழுகுகளில் ஒன்றில்கூட இல்லை. 2004இல் இது வெளியானது. கடைக்காரர்களும் மருத்துவர்களும் உள்ளதைச் சொல்லியிருக்காவிட்டால் அந்தப் பட்டியலே வந்திருக்காது.

பிறகு இந்தியாவில் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் மாட்டுச் சடலங்களின் கல்லீரலைச் சோதித்தார்கள். பத்தில் ஒன்றில் டைக்ளோஃபினாக் இருந்தது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இருந்தாலே கழுகுகள் இந்த வேகத்தில் அழியும் என்று ஏற்கெனவே கணக்கிட்டிருந்தார்கள். 2006இல் கால்நடைக்கு இந்த மருந்தைப் போட அரசு தடை விதித்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடும் பழக்கம் தொடர்ந்ததால், 2015இல் அந்தக் குப்பியும் 3 மில்லி அளவுக்குக் குறைக்கப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய இரண்டும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. கழுகுக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்து அறியப்பட்ட மெலோக்சிகாம் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. மாட்டுக்கு வலி ஊசி போடும்போது எந்த மருந்து என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் பாறு கழுகுகள் இப்போது முக்கியமாக நீலகிரி, ஈரோடு மாவட்டங்களின் மாயாறு பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கத்து விவசாயிகள் மாடு செத்தால் இரண்டு விஷயங்களைக் குறித்து வையுங்கள்: செத்த தேதி, அதற்கு முந்தைய சில நாட்களில் போட்ட மருந்தின் பெயர். காலிக் குப்பி இருந்தால் அதுவே போதும். சடலத்தைக் காட்டோரம் போடலாமா, புதைக்க வேண்டுமா என்பதை வனச்சரக அலுவலகத்திடமும் கால்நடை மருத்துவரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டின் மேல் கோபத்தில் விஷம் தெளித்துவிடாதீர்கள். அதைத் தின்னும் கழுகுக் கூட்டமே சாகும், உங்கள் மேல் வழக்கும் வரும். இழப்பீட்டுக்கு உடனே மனுக் கொடுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. மாடு திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அதை யாரும் அறுக்கக் கூடாது, ஆய்வுக்காகவும் கூடாது. 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ உதவியை அழையுங்கள்.

குளத்தில் மீன் செத்தால்

மீன் நோய்களைத் தேடிப் பதிவு செய்யும் தேசிய கண்காணிப்புத் திட்டம் 2013இல் தொடங்கியது. லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபு வளப் பணியகம் இதை ஒருங்கிணைக்கிறது. பல மாநிலங்களின் ஆய்வகங்கள் ஒரே முறையில் மாதிரி எடுத்து அங்கே அறிக்கை அனுப்புகின்றன. ஒரு மாநிலத்தில் புது நோய் தலைகாட்டினால் அடுத்த மாநிலம் குஞ்சு வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். 1988இல் நம் நாட்டுக்குள் வந்த புண் நோய் விராலையும் கெண்டையையும் வாரிக்கொண்டு போனதைப் பழைய மீன் வளர்ப்போர் மறந்திருக்க மாட்டார்கள். விவசாயியே நேரடியாகத் தெரிவிக்க 2023இல் 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற கைபேசிச் செயலி வெளியிடப்பட்டது. செயலி வேண்டாம் என்றால் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகம் இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தையும் அணுகலாம். இறால் பண்ணைக்காரர்களுக்குச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம்.

கூப்பிடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறி, பெரிய மீன்கள் முதலில் ஒரே இரவில் செத்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவுதான். நாளுக்குப் பத்து, இருபது என்று செத்து, உடலில் புண், செதில் உதிர்வு, செவுள் வெளுப்பு தெரிந்தால் நோயைச் சந்தேகிக்கலாம்.

மாதிரி கொடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. மிதக்கும் செத்த மீனை பிளாஸ்டிக் பையில் போட்டு மறுநாள் பஸ்ஸில் கொண்டுபோனால் ஆய்வகத்தில் அழுகல் கிருமிதான் தெரியும். நோய் கண்டு தள்ளாடும், ஆனால் உயிரோடு இருக்கும் மீன்தான் வேண்டும். ஆக்சிஜன் நிரப்பிய பையில் உயிரோடு அனுப்புவது நல்லது. முடியாவிட்டால் சற்று முன் செத்த மீனை ஐஸ் கட்டிக்கு நடுவில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைய வைக்காதீர்கள், திசு கெட்டுவிடும். சுண்ணாம்போ மருந்தோ போடுவதற்கு முன்பே ஒரு பாட்டில் குளத்து நீரைத் தனியாக எடுத்து வையுங்கள். குஞ்சு எங்கே வாங்கியது, எப்போது விட்டது, என்ன தீவனம், கடைசியாக என்ன மருந்து போட்டீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

காலில் வளையம் போட்ட பறவை

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927 முதல் பறவைகளுக்கு வளையம் போட்டு வருகிறது. கோடியக்கரையில் பல்லாயிரம் பறவைகளுக்குப் போட்டிருக்கிறார்கள். வயலில் அப்படி ஒரு பறவையைக் கண்டால் வளையத்து எண், இடம், தேதி, உயிரோடா செத்தா என்பதைக் குறித்துப் படம் எடுத்து வனத்துறையிடம் கொடுங்கள். உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்ற வேண்டாம். முதுகில் கருவி கட்டிய பறவை செத்துக் கிடந்தால் உளவுக் கருவி என்று பயந்து உடைத்துவிடாமல் அப்படியே ஒப்படையுங்கள்.

அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கையோ பறவையையோ ஆய்வுக்குப் பிடிக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆய்வாளர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். உங்கள் பட்டா நிலத்தில் கால் வைக்கவும் கேமரா கட்டவும் உங்கள் சம்மதம் வேண்டும். எத்தனை நாள், எத்தனை பேர், பயிர் மிதிபட்டால் யார் பொறுப்பு, மாதிரிக்கு எடுக்கும் மீனுக்குக் காசு உண்டா என்பதை முதலிலேயே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பொது ஏரி என்றால் ஊராட்சிக்கும் மீன் குத்தகைதாரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பல்லுயிர் மேலாண்மைக் குழு இயங்கும் ஊராட்சியில் அவர்களிடமும் சொல்லுங்கள்.

உள்ளதைச் சொன்னால் வழக்கு வருமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அதை வெறும் பயம் என்று நான் ஒதுக்கமாட்டேன். உங்கள் பெயரும் சர்வே எண்ணும் அறிக்கையில் வராது என்று எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால் பேட்டி கொடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பதில் பொய் சொல்வது மோசமான வழி. யானை மிதித்த அரை ஏக்கரை ஊரே சேர்ந்து இரண்டு ஏக்கர் என்று சொன்னால், யானை எந்த வழியாக, எந்த மாதம் வருகிறது என்ற கணக்கே கோணலாகிவிடும். அகழியும் வேலியும் தப்பான இடத்தில் அமையும்.

ஆய்வு முடிந்ததும் முடிவைத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, அதற்கான தேதியையும் அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தேதி தாண்டினால் அனுமதிக் கடிதத்தில் உள்ள அலுவலக முகவரிக்கு ஒரு தபால் அட்டை போடலாம்.