எழுத்தும் மனநோயும்

இலக்கியப் படைப்புக்கும் மனநோய்க்கும் சம்பந்தம் உண்டா, உண்டெனில் அது எத்தகையது என்னும் ஆராய்ச்சி, தத்துவத்தில் பிறந்து, வைத்தியத்தில் வளர்ந்து, மிகத் தாமதமாகவே இலக்கிய அறிஞர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. பிளேட்டோ, கவியின் ஆவேசத்தைக் கலைத் தேவதைகளின் அருளாகக் கொண்டார்; அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் ‘பிரச்சினைகள்’ என்னும் தொகுப்போ, மேதைகளை வாட்டும் துயரத்துக்கு உடம்பிலுள்ள கரும்பித்தத்தைக் காரணமாக்கிற்று. பித்து என்ற சொல்லைப் பித்தத்தோடு சேர்த்தே வழங்கும் நமக்கு இக்கருத்து அந்நியமானதன்று.

நாளடைவில் இந்த அபிப்பிராயம் நோயாளியின் தலையெழுத்திலும் கைவைத்தது. 1841 டிசம்பரில், ஆங்கிலக் கிராமியக் கவி ஜான் கிளேரை நார்த்தாம்ப்டன் மனநோய் விடுதிக்கு அனுப்பியபோது, நோய்க்கு முன்னர் மனத்துக்கு நீடித்த உழைப்போ கிளர்ச்சியோ இருந்ததா என்று படிவத்திலிருந்த கேள்விக்கு, பல்லாண்டுகளாகக் கவி புனையும் பழக்கத்துக்கு அடிமைப்பட்டிருந்தார் என்னும் பொருள்பட வைத்தியர் விடை எழுதினார். குடிப்பழக்கத்தைக் குறிப்பதுபோல் கவிதையைக் குறித்த அந்த வரி, படிப்பவர் நெஞ்சை இன்றும் சுடுவது. கிளேர் அவ்விடுதியிலேயே காலமான 1864இல்தான், மேதைமையையும் பைத்தியத்தையும் பிணைத்து இத்தாலிய வைத்தியர் லொம்ப்ரோஸோ தமது நூலை வெளியிட்டார். ஆனால் 1904இல் ஹாவ்லக் எல்லிஸ், பிரிட்டிஷ் மேதைகள் 1,030 பேரின் வரலாற்றை ஆராய்ந்து, அவர்களுள் சித்தம் கலங்கியவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவே எனக் கண்டார்.

ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றுப் பின்னர் மனநோய் வைத்தியரான நான்சி ஆண்ட்ரியாசென், அயோவா எழுத்தாளர் பட்டறையைச் சேர்ந்த 30 எழுத்தாளர்களையும், வயதாலும் கல்வியாலும் அவர்களுக்கு ஒத்த வேறு 30 பேரையும் நேரிற்கண்டு விசாரித்து, 1987இல் முடிவை வெளியிட்டார். மனச்சிதைவை எதிர்பார்த்துத் தொடங்கிய அவர் கண்டதோ மனநிலைக் கோளாறு: எழுத்தாளரில் நூற்றுக்கு 80 பேர் வாழ்வில் ஒருமுறையேனும் அதற்கு ஆட்பட்டிருந்தனர், மற்றவரில் நூற்றுக்கு 30 பேரே. யார் எழுத்தாளர் என்பதை அறிந்த ஒருவரே விசாரித்தமையால் இம்முடிவைப் பலர் ஐயுற்றனர். அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் நோய் முற்றியிருந்த நாட்களில் தங்களுக்கு எழுத்து ஓடவில்லை என அவ்வெழுத்தாளர்களிற் பெரும்பாலோர் கூறியதைத்தான் இந்த எண்களினும் பெரிதாக மதிக்கவேண்டும். 2011இல் சுவீடன் நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், மனச்சிதைவும் இருதுருவ மனநோயும் உற்றவர்களின் நோயற்ற உடன்பிறந்தாரிடையே படைப்புத் தொழிலினர் மிகுதி எனக் கண்டதும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது.

கிளேர் விடுதியில் எழுதிய நூற்றுக்கணக்கான கவிதைகளை, அங்கே மேலாளராயிருந்த வில்லியம் நைட் என்பவர் பொறுமையோடு படியெடுத்து வைத்தார். மூலங்கள் பல மறைந்துவிட்டமையால், அவற்றுட் பெரும்பாலானவை அப்பிரதிகளிலேயே உயிர்தரிக்கின்றன. அவை 1984இல் ஆக்ஸ்போர்டிலிருந்து இரண்டு தொகுதிகளாக, நோயின் சான்றுகளாக அன்றிக் கவிதைகளாகவே பதிப்பிக்கப்பெற்றன.