எரிமீனும் ஏழாம் நாளும்

பத்தமடையில் ஒரு டிசம்பர் இரவு எரிமீன் பொழிவு பார்க்க ஊராரைக் கூட்டியிருந்தார்கள். ஆண்டுதோறும் 13, 14 தேதிகளில் மிதுன ராசியின் திசையிலிருந்து வருவது. தொலைநோக்கி வேண்டாம், மல்லாந்து படுக்க ஒரு பாய் போதும். பாய்க்குப் பஞ்சமில்லாத ஊர். மேகம் விலகிய இடைவெளியில் ஒன்று விழுந்தது. 'பச்ச மரத்தப் பாருங்கலே' என்று கிழவி ஒருத்தி பேரன்களை அதட்டினாள். மூடநம்பிக்கை என்று ஒலிபெருக்கி சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புறநானூற்றின் 229ஆம் பாட்டிலும் ஒரு கூட்டம் வானம் பார்க்கிறது. பாடியவர் கூடலூர் கிழார். பங்குனியின் முதற்பாதி, நள்ளிரவு. உத்தரம் உச்சியிலிருந்து சாய, மூலம் எழ, மிருகசீரிடம் அடைய, எரிமீன் விழுகிறது. பரிசிலர்கள் மன்னனை நினைத்துக் கலங்குகிறார்கள். ஏழாம் நாள் சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறக்கிறான். நிமித்தப் பாட்டு என்று முத்திரை குத்தி நாம் நகர்ந்துவிடுகிறோம். பயந்தவன் எவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்கிறான் என்பதைக் கவனிப்பதில்லை. மாதம், பொழுது, மூன்று நட்சத்திரங்களின் நிலை: ஒரு வானாய்வுக் குறிப்பேடும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கும்.

1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பிய வானில் எரிமீன்கள் மழையாகக் கொட்டின. இத்தாலியின் மொன்காலியேரியில் நால்வர் ஆறரை மணி நேரத்தில் 33,400 எண்ணினார்கள். மூன்றாம் நாள் ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் சென்னைக்குத் தந்தியடித்தார்: பியலா வால்மீன் பூமியைத் தொட்டுவிட்டது, தென்வானில் தேடுங்கள் என்று. அந்த வால்மீன் 1846இல் இரண்டாகப் பிளந்தது. 1852க்குப் பின் யார் கண்ணிலும் படவில்லை. நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் போக்சன் மேகத்தோடு மல்லாடி, டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு விடியல்களில் ஒரு வால்மீனைக் கண்டார். அது பியலாவாக இருக்க முடியாது என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். பியலா சிதைந்துவிட்டிருந்தது, நவம்பரில் பொழிந்தது அதன் துகள்.

அங்கும் விழுந்த மீன்கள் ஒரு சாவைத்தான் சொல்லின. செத்தது மன்னன் அல்ல என்பதே வித்தியாசம். கிழாரின் முடிவு பிழை. பார்வை பிழையல்ல. பார்வையைக் கூர்மையாக்கியதே அந்த அச்சம்தான் என்றும் சொல்லலாம். அச்சத்தை விரட்டியவர்கள் அந்த இடத்தில் எதை வைத்தார்கள்? மொன்காலியேரியில் எண்ணிக்கையை வைத்தார்கள்.

விடியலில் பாய்களைச் சுருட்டும்போது, மொத்தம் எத்தனை விழுந்தன என்று கேட்டேன். விளக்கவுரையாளர் எண்ணவில்லை. பிள்ளைகள் தூங்கிவிட்டிருந்தார்கள். கிழவிதான் 'பதினொண்ணு' என்றாள். ஒவ்வொன்றுக்கும் மரத்தைப் பார்த்திருக்கிறாள்.